பரணில் ஏறாத பழம்பொருள்கள்: நெடுநாள் புழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

பரணில் கிடப்பவற்றை இந்த மதிப்புரையில் நான் சேர்க்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணுக்குப் பஞ்சமில்லை. அதில் ஏற்றிவைத்த அண்டாவும் கொப்பரையும் கால் உடைந்த தொட்டிலும் எத்தனை தலைமுறை கண்டவையாக இருந்தாலும், இன்று அவை பயன்படுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாதவை. ஒரு பொருளை மதிப்பிட வேண்டுமானால் அது புழக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே என்னிடம் உள்ளவற்றுள் மிகப் பழையவையும், இன்றும் நான் கையில் எடுத்துப் பயன்படுத்துபவையுமான நான்கை மட்டும், நேற்று கடையில் வாங்கிய பொருளைப் பற்றி எழுதும் கண்டிப்போடு எழுதுகிறேன். அவை ஓர் ஈயச்சொம்பு, ஒரு பித்தளை அடுக்கு, ஒரு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, ஓர் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம். பழையது என்பதற்காக எதற்கும் சலுகை மதிப்பெண் கிடையாது.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இவற்றில் எதற்கும் ரசீது இல்லை. சொம்பும் அடுக்கும் அம்மா திருமணமாகி வந்தபோது உடன் வந்தவை. விளக்கு என் திருமணச் சீரில் வந்தது. கடிகாரம் நான் வேலையில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. பித்தளைப் பாத்திரங்களில் ரசீதின் வேலையைப் பெயர் வெட்டு செய்துவிடுகிறது. நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் பெயர் வெட்டாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாது. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து தகப்பனாருடையதா கணவருடையதா என்று பார்த்தாலே, அது பிறந்தகத்துச் சீரா, பின்னால் புகுந்தகத்தில் வாங்கியதா என்பது தெரிந்துவிடும். எங்கள் அடுக்கின் விளிம்புக்குக் கீழே, அம்மாவின் பெயரில் வரும் 'னா' என்ற எழுத்து, துணைக்கால் தனியே நிற்கும் இன்றைய வடிவத்தில் இல்லாமல், காலும் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்து சுழித்த பழைய வடிவத்தில் இருக்கிறது. எழுத்துச் சீர்திருத்த ஆணையைத் தமிழக அரசு வெளியிட்டது 1978 அக்டோபரில். அதற்குப் பிறகும் பெயர் வெட்டுபவர்கள் பலர் கைக்குப் பழகிய எழுத்தையே வெட்டிவந்ததால் இதை முடிந்த சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் பழைய பாத்திரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் விளிம்புதான்.

ஈயச்சொம்பு ரசத்துக்கென்றே ஏற்பட்ட பாத்திரம்; வேறு எதற்கும் அதை நம்ப முடியாது. எங்கள் சொம்பு நால்வருக்குப் போதுமான ரசம் பிடிக்கும். அகன்ற வயிறு, குறுகிய கழுத்து, வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு, கைப்பிடி கிடையாது. கையால் தட்டித் தட்டி உருவாக்கியது என்பதை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மின்னும் சிறு சிறு தட்டுத் தடங்கள் காட்டிக்கொடுக்கும். புதிதில் வெள்ளியாக மின்னியிருக்க வேண்டும். இன்று அடிப்பகுதி மங்கிய சாம்பல் நிறம், வயிற்றில் சில நெளிசல்கள், விளிம்பில் ஓரிடத்தில் இடுக்கி கவ்விய தழும்பு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்பதை இதன் முதல் நிறையாகச் சொல்வேன். நெளிசல் விழுந்தால் உள்ளே விரலை விட்டு அழுத்தியே ஓரளவு நிமிர்த்திவிடலாம். உலோகம் அவ்வளவு மென்மையானது.

இதன் பெருங்குறையை எல்லோரும் அறிவார்கள். சொம்பின் உலோகமான வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும்; எரிவாயு அடுப்பின் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடானது. சொம்புக்குள் புளித்தண்ணீர் இருக்கும்வரை உலோகத்தின் சூடு நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும் என்பதால் உருகுவதில்லை. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினால், மறுபடி பார்க்கும்போது அடுப்பின்மேல் உருகிய ஈயம்தான் இருக்கும். தண்ணீர் பாதியளவே இருக்கும்போது தீயைப் பெரிதாக வைப்பதும் ஆபத்து. நீர்மட்டத்துக்கு மேலே தீ தொடும் இடத்தில் சொம்பு குழைந்து ஓட்டை விழும். காய்ந்த எண்ணெய் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும் என்பதால் தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியே செய்து மேலே கொட்ட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இது உதவாது. கம்பி நார் கொண்டு தேய்க்கக் கூடாது. சமையல் பழகும் பிள்ளைகளிடம் தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இத்தனை 'கூடாது'களோடு இன்றைக்கு ஒரு பாத்திரத்தை யாராவது புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுகூட விலைபோகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

'ஈயச்சொம்பு ரசத்தின் சுவையே தனி' என்று சொல்லாத வீடு கும்பகோணத்தில் இல்லை. நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவையில் உலோகத்தின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பயத்துக்கே கூடுதல் மதிப்பெண் தருவேன். உருகிவிடுமோ என்று அஞ்சி யாரும் இந்தச் சொம்பை முழுத் தீயில் வைப்பதில்லை. புளியின் பச்சை வாசனை போகச் சிறு தீயில் நிதானமாகக் கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு விளாவி, நுரை கட்டி எழும்பும் நேரத்தில் பக்கத்தை விட்டு நகராமல் நின்று இறக்கிவிடுகிறோம். ரசத்துக்கு வேண்டிய பக்குவம் அதுதான். அதே கவனத்தோடு எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் ஏறக்குறைய அதே ரசம் வரும் என்பது என் கருத்து. எவர்சில்வர் முன்னால் யாரும் அவ்வளவு கவனமாக நிற்பதில்லை என்பதும் என் கருத்து. என் நாத்தனார் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

புதிதாக வாங்குபவர்கள் உருகுதலைவிடக் கலப்படத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும். சொம்பு செய்ய வேண்டிய உலோகம் வெள்ளீயம். காரீயம் நஞ்சு, புளியோடு சேர்ந்து கொதித்தால் உணவில் இறங்கும், அதிலும் குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. வெள்ளீயத்தைவிடக் காரீயம் மிக மலிவு என்பதால் கலக்கும் ஆசை யாருக்கும் எழலாம். கடையிலேயே செய்யக்கூடியது, சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது. காரீயம் மிகுந்திருந்தால் பென்சிலால் கிறுக்கியதைப் போன்ற கோடு விழும். வீட்டில் இதைவிடத் திருத்தமாகச் செய்யலாம். வெள்ளீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம் எடையுள்ளது, காரீயம் 11.3 கிராம். சொம்பை எடை போட்டுக்கொண்டு, அது நுழையும் அளவே வாயுள்ள ஒரு தூக்கில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி தங்காமல் சொம்பை முழுவதும் அமிழ்த்தி, வழிந்த நீரை அளவுக் குவளையில் அளக்க வேண்டும். 730 கிராம் எடையுள்ள சொம்பு 100 மில்லிலிட்டரை ஒட்டி வழியவிட்டால் அது வெள்ளீயத்துக்கு உரிய கணக்கு. 90 மில்லிலிட்டரும் தேறவில்லையென்றால் கனமான வேறு ஏதோ உள்ளே கலந்திருக்கிறது. சிறிதளவு கலப்பை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடந்தான் வழி. ஆனால் பெரிய மோசடியைக் காட்டிவிடும். எங்கள் சொம்பு இதில் தேறியது.

பித்தளை அடுக்கைப் பற்றி எழுதப்போனால், பாத்திரத்தைவிட அதற்கு ஈயம் பூசித் தரும் கடையைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில் புளியோ மோரோ தக்காளியோ பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பார்கள். உள்ளே ஈயம் இல்லாத பித்தளை சமையலறையில் இளித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. எங்கள் அடுக்கில் பருப்பும் கீரையும் வேகும், கூட்டு கொதிக்கும். அடி தடிமனாக இருப்பதால் பிடிக்காது. இறக்கிவைத்தபின்னும் நெடுநேரம் சூடு தாங்கும். ஆனால் உள்ளே கரண்டி உராய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கிவிட்டால் அன்றே சமையலை நிறுத்திவிட்டுப் பூச்சுக்கு எடுத்துப்போக வேண்டும். அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இந்த வேலை வரும்.

முன்பு ஈயம் பூசுபவர்கள் துருத்தியோடு தெருவுக்கே வருவார்கள். வாசலில் குழி தோண்டிக் கரி மூட்டினால் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுவிடுவோம். இப்போது பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாம்தான் கும்பகோணத்துக்குப் போக வேண்டும். நான் கொடுக்கும் கடை, பாத்திரக் கடைகள் நிறைந்த தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கிறது. பழைய பூச்சையும் கறையையும் முதலில் சுரண்டித் தேய்த்து எடுக்கிறார்கள். பிறகு கரி அடுப்பின்மேல் இடுக்கியால் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுகிறார்கள். சூட்டின் பதம் கண்டதும் ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடியைத் தூவ, மூக்கைத் துளைக்கும் வெள்ளைப் புகை எழும்புகிறது. பித்தளைமேல் படிந்துள்ள ஆக்சைடை நீக்கி, ஈயம் ஒட்டுவதற்கு இடம் செய்து கொடுப்பது அந்த நவச்சாரம்தான். அடுத்து ஈயக் குச்சியை உட்புறத்தில் இரண்டு மூன்று இடத்தில் தொடுகிறார்கள். தொட்ட இடத்தில் அது முத்தாக உருகி நிற்கும்போதே பஞ்சுப் பொதியால் ஒரே சுழற்றாகத் துடைத்தெடுக்க, மஞ்சள் மறைந்து உள்வயிறு முழுவதும் வெண்மை பரவுகிறது. தண்ணீரில் அமிழ்த்தினால் வேலை முடிந்தது. தூவுவதிலிருந்து துடைப்பதுவரை எண்ணி முடிக்கும் நேரம்தான் ஆகிறது. அந்த நேரத்துக்குள் கை தடுமாறினால் அடுக்கின் அடி வளைவில் திட்டுத் திட்டாக மஞ்சள் தங்கிவிடும். வாங்கும்போது அந்த வளைவைத்தான் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தற்காலிகமாகக் கடை போட்டிருந்த ஒருவரிடம் கொடுத்தபோது இப்படித்தான் வந்தது. இரண்டு மாதத்தில் மறுபடி பூச வேண்டியதாயிற்று. நம் கண்ணெதிரில் பூசித் தரச் சொல்வதும், குச்சி வெள்ளீயமா, பற்றவைக்கும் ஈயமா என்று கேட்டுக்கொள்வதும் தவறில்லை. பற்றவைக்கும் ஈயத்தில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். பூசிவந்த பாத்திரத்தில் ஒருமுறை வெறுந்தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு சமைக்க வேண்டும்.

சென்ற முறை போயிருந்தபோது கடைப் பையன், "அம்மா, இதைப் போட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்துக்குங்களேன், எத்தனை தடவைதான் பூசுவீங்க?" என்றான். புகைக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர் தலை நிமிராமலேயே, "அடி கனத்தைப் பாருடா, இந்தக் கனத்துக்கு இப்ப யாரு செய்யறா?" என்றார். சேவையைப் பொறுத்தவரை எனக்கு அந்த ஒரு பதில் போதும். காத்திருக்க நிழல் இல்லை, சொன்ன நாளில் முடித்துத் தருவதில்லை, சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை என்ற குறைகளை எழுதிவைக்கிறேன். இருந்தாலும் அங்கேயே கொடுப்பேன்.

இந்த அடுக்கு ஏன் மிஞ்சியது என்று யோசித்தால் அதன் தரம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குவது வீட்டுக்கு வீடு நடந்த காரியம். தேய்க்கும் வேலை குறைந்தது, களிம்புப் பயம் போயிற்று, பளபளப்பு நின்றது. அன்றைக்கு மாற்றியவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. தினம் புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்தது யாருடைய கை என்பது தெரிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். எங்கள் வீட்டிலும் இதைவிடப் பெரிய தவலைகளும் நல்ல வெண்கலப் பானையும் அப்படித்தான் போயின. அடுக்கு மிஞ்சியதற்குக் காரணம், அதில் தேய்வது பித்தளை அல்ல, ஈயப் பூச்சு. பூச்சைப் புதுப்பிக்கும் கை பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட மற்றப் பொருள்களையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கிறேன்: எது தேய்கிறது, தேய்ந்ததை மட்டும் மாற்ற முடிகிறதா, மாற்றித் தர ஆள் இருக்கிறாரா.

குத்துவிளக்கு இதில் முதலிடம் பெறுகிறது. நாச்சியார்கோயில் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது. அங்கே செய்யும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரிப் படுகையின் மெல்லிய வண்டல் மண்ணில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை வார்த்து, பிறகு கடைசலில் ஏற்றிச் சீராக்குகிறார்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியே செய்து மரையால் முறுக்கிச் சேர்ப்பதால், துலக்குவதற்கு வெள்ளிக்கிழமைதோறும் கழற்றலாம், வெளியூருக்கு எடுத்துப்போகும்போது துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கலாம். இந்த வசதியே இதன் பலவீனமும் ஆகும். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி மரை தேய்ந்துவிட, தண்டு ஆடத் தொடங்கும். எங்கள் விளக்கு கொஞ்ச காலம் மரையில் நூல் சுற்றியே நின்றது. பிறகு நாச்சியார்கோயிலில் ஒரு பட்டறையில் கொடுத்தபோது, தேய்ந்த பகுதியைக் கடைந்தெடுத்துவிட்டு உள்ளே புதிய பித்தளைத் துண்டு பொருத்தி மரை போட்டுத் தந்தார்கள். ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

விளக்கைப் பூசைப் பொருளாக மட்டும் பார்த்துவந்த எனக்கு, அதை விளக்காகப் பார்க்கும் வாய்ப்பு 2018 நவம்பரில் வந்தது. 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப நாள் கணக்கில் ஆயிற்று. மின்கலத்தில் எரியும் அவசர விளக்கு மறு இரவே அணைந்துவிட்டது. கூடத்தின் நடுவில் குத்துவிளக்கை வைத்து ஐந்து முகமும் ஏற்றியபோது சாப்பிடவும் நடமாடவும் குறையில்லாத வெளிச்சம் கிடைத்தது, படிக்கப் போதவில்லை. தட்டு விரிந்திருப்பதால் எண்ணெய் நிறையப் பிடிக்கும், திரியை அடிக்கடி கவனிக்க வேண்டியதில்லை. ஆனால் சன்னல் திறந்திருந்தால் நிற்காது, தவழும் குழந்தையுள்ள வீட்டில் தரையில் வைப்பது ஆபத்து, முகங்களின் வழியே கசியும் எண்ணெய் தண்டில் வழிந்து பாதத்தில் பிசுக்காகச் சேரும். காற்றடிக்கும் இரவுக்கு அரிக்கேன் விளக்குதான் சரி.

புதிதாக வாங்குபவர்கள் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல் மூன்று இடங்களைப் பார்க்கலாம். மரை ஒரு சுற்றில் நின்றுவிடாமல் நன்றாக இறங்கிப் பிடிக்க வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றித் தாள்மேல் வைத்தால் சிறிது நேரத்துக்குப் பிறகும் தாள் நனையக் கூடாது. மண்ணச்சு வார்ப்பில் ஊசித்துளைகள் விழுவதுண்டு. பாதம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் உயரமான விளக்கில் எண்ணெய் முழுவதும் மேலே இருக்கிறது.

கைக்கடிகாரத்துக்கு வருகிறேன். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1961இல். ஜனதா என்பது அந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற எளிய வகை: தேதி கிடையாது, மின்கலம் கிடையாது, காலையில் எழுந்து சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை தாராளமாக ஓடும். உள்ளே, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த 17 கல். காதருகில் வைத்தால் விநாடிக்கு ஐந்து அடியாக அது ஓடும் ஓசை கேட்கும். அப்பாவுக்கும் எனக்கும் மணிக்கட்டின் அளவில் பெரிய வேறுபாடு இல்லையென்பதால் ஆண்கள் கடிகாரத்தையே வாங்கிவந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அதை முதலில் கேலி செய்தவர்கள், பாடவேளைக்கு மணியடிக்க என்னிடம்தான் நேரம் கேட்டார்கள்.

நேரத் துல்லியத்தில் இதற்கு நான் அதிக மதிப்பெண் தர முடியாது. சக்கரமும் வில்லும் கொண்டு ஓடும் எந்தப் பழைய கடிகாரமும் நாளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்பின் ஆகும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரம்கூட மாதம் முழுவதற்கும் அவ்வளவு தவறாது. டைட்டன் நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டு ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியபின் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஜனதாவைக் கட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. தண்ணீர் புகாத கடிகாரம் அல்ல அது. ரயிலைப் பிடிக்க நான் கைப்பேசியைத்தான் பார்க்கிறேன். கஜாவின்போது கைப்பேசிகள் எல்லாம் உயிரை விட்டபின், தெருவிலேயே நேரம் சொல்லிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான் என்பதும் உண்மை.

இதற்குச் சேவை செய்பவர் மன்னார்குடியில், பெட்டிக்கடை அளவே உள்ள ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துக் கழுவி, காய்ந்துபோன எண்ணெயை எடுத்துவிட்டு, ஊசி முனையால் கல்லுக்குக் கல் புது எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். "சாவி இறுகினதும் விட்டுடணும்மா, அதுக்கு மேல ஒரு சுத்துகூட வேண்டாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்துவிட்டது. புதிய உதிரிப்பாகம் இனி வரப்போவதில்லை. அவருடைய மேசை இழுப்பறையில் ஓடாத ஜனதாக்கள் தீப்பெட்டிகளில் கிடக்கின்றன. ஒன்றின் உறுப்பைக் கழற்றித்தான் இன்னொன்றை ஓட்டுகிறார். அந்த இழுப்பறை காலியாகும் நாள் வரும். என் அளவுகோலின்படி, நான்கில் இதுவே வருங்காலம் குறைந்த பொருள்.

ஆகவே, அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிய புதுச் சரக்கு என்ற பொருளில் 'பழைய புதிய' என்று இணையத்தில் விற்கும் ஜனதாக்களை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். முகப்பை நீலமாகவும் சிவப்பாகவும் மறுபடி வண்ணமடித்து, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றில் கோத்து விற்பவை அவற்றில் மிகுதி. முகப்பின் எழுத்து தடித்தோ மசங்கியோ இருந்தால் அது மறுவண்ணம் என்று கொள்ளலாம். வீட்டு அலமாரியில் தாத்தாவுடையது கிடந்தால் அதை எடுத்துப்போய்க் கழுவி எண்ணெய் போடுங்கள், வெளியில் வாங்காதீர்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பள்ளிக்கூடத் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. டெல்டாவின் ஈரத்தில் அடி துருப்பிடித்து, வண்ணம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. பித்தளைக் காப்பி வடிகட்டி ஒன்று இருக்கிறது, நல்ல பொருள்தான், ஆனால் மேல் அடுக்கின் துளைகளில் காப்பி எண்ணெய் அடைத்துக்கொண்டால் வெறும் தீயில் காட்டி எரித்து ஊசியால் குத்தியெடுக்க வேண்டியிருக்கிறது. விருந்தாளி வந்த காலையில் அது அடைத்துக்கொண்டு இறங்காமல் நிற்கும்போது வருகிற ஆத்திரத்தை எந்தப் பழம்பெருமையும் தணிக்காது. அதற்கு எவர்சில்வர் வடிகட்டியே மேல்.

ஈயச்சொம்பும் குத்துவிளக்கும் புதிதாக வாங்க விரும்புபவர்கள் கும்பகோணத்திலும் நாச்சியார்கோயிலிலும் நேரில் பார்த்து வாங்கலாம். இரண்டுமே எடைக் கணக்கில் விலை சொல்லப்படுபவை, எனவே அன்றைய உலோக விலையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பழைய பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் புதியது எடுப்பதாக இருந்தால், கிளம்புமுன் வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் நான் போட்ட சிறு குடத்துக்கு, அழுக்குக்கும் சேதாரத்துக்கும் என்று கழித்துக்கொண்டு சொன்ன எடை, வீட்டில் பார்த்த எடைக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. குறித்துவைத்திருந்த தாளை எடுத்துக் காட்டியபின்தான் தராசு மறுபடி ஏறியது. பெயர் வெட்டு இருந்தால் அதைக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், உருக்குக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை.